கருஞ்சிவப்பு வரிசை

லெம்பி ரௌட்டியோவுக்கு வருடத்தில் பதினோரு நாள்தான் கை சும்மா இருக்கும். யாரோ வாய்க்கு வந்தபடி சொன்ன கணக்கல்ல இது. அவளுடைய அக்கா ஐலி ஒருமுறை சமையலறைக் காலண்டரை மேசைமேல் விரித்துவைத்து, பென்சிலால் குறித்துக் குறித்து எண்ணியது. ஏப்ரலில் நிலவறையிலிருந்து டாலியாக் கிழங்குகளை எடுத்து, முளைக்கண் விட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மே மாதம் நட வேண்டும். ஜூன் முழுக்க நத்தையோடு சண்டை. ஜூலையில் கோல் ஊன்றிக் கட்டுவதும், நடுமொட்டு பருக்கப் பக்க மொட்டுகளைக் கிள்ளுவதும். ஆகஸ்டும் செப்டம்பரும் பூ. அக்டோபர் கடைசியில் உறைபனி விழுந்து செடி கருகியதும் தோண்டி, கழுவி, உலர்த்தி, மரத்தூளில் அடுக்குவது. பிறகு குளிர்காலம் நெடுக வாரம் ஒருமுறை பெட்டிகளைக் கிளறி அழுகியதைப் பொறுக்கி எறிவது. கிறிஸ்துமஸை ஒட்டி மிஞ்சியது பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளிலும் ஆர்வோ இருந்தான்.

ஆர்வோ அவள் கணவன். நேசெல் பள்ளத்தாக்கின் மர அறுவை ஆலையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன். 1971 மார்ச்சில் ஒரு காலை, காலுறை மாட்டக் குனிந்தவன் அப்படியே சரிந்தான். வலது கையும் வலது காலும் போயின. வாயில் பாதி போயிற்று. மிச்சமிருந்த பாதியைக் கொண்டு அவன் முன்னைவிட அதிகமாகப் பேசினான்.

அன்றிலிருந்து அவன் இடம் சமையலறை ஜன்னலோரத்துச் சக்கர நாற்காலி. மடியில் பைனாகுலர், இடது கையில் ஒரு தேக்கரண்டி. கரண்டியால் கண்ணாடியில் ஒரு தட்டு தட்டினால் தண்ணீர் போதவில்லை. இரண்டு தட்டினால் இலையில் பூச்சி. மூன்று தட்டினால் உள்ளே வா. லெம்பி வேலியைத் தாண்டி அஞ்சல்பெட்டி வரை போய், பக்கத்து வீட்டு ஹில்மாவோடு நின்று பேசினால் அதற்குத் தட்டு எண்ணிக்கை கிடையாது. அவள் திரும்பும்வரை தட்டிக்கொண்டே இருப்பான்.

"உன் வீட்டுல மரங்கொத்தி ஒண்ணு வளர்க்கிற போலிருக்கே" என்பாள் ஹில்மா.

"அது வளர்றதில்ல ஹில்மா, அப்படியேதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு லெம்பி திரும்பி நடப்பாள்.

தோட்டத்தில் நூற்று நாற்பது செடி. அதில் ஜன்னலுக்கு மிக அருகில் இருந்த வரிசை ஒரே ரகம், பதினாறு செடி. 1968இல் ஆர்வோ தானே விதை போட்டு எழுப்பிய அறுபது நாற்றுகளில் தேறிய ஒன்று அது. மற்ற ஐம்பத்தொன்பதையும் வெட்டி உரக்குழியில் போட்டான். இதற்கு முறைப்படி இன்னும் பெயர் இல்லை. வீட்டில் முஸ்தா என்றார்கள். அவர்கள் மொழியில் கறுப்பு. வெயிலில் பார்த்தால் கருஞ்சிவப்பு, மேகம் மூடினால் கறுப்பு. கறுப்பென்று பெயர் வாங்கிய மற்ற டாலியாக்களின் இதழைத் திருப்பினால் பின்பக்கம் வெளிறி இருக்கும். முஸ்தாவுக்கு முன்னும் பின்னும் ஒரே இருட்டு. ஆர்வோவின் பெருமை எல்லாம் அந்தப் பின்பக்கத்தில்தான் இருந்தது.

ஆனால் அதைப்போல் படுத்தும் செடி வேறில்லை. இதழில் விரல் பட்டால் மாலைக்குள் அந்த இடம் தழும்பாகத் தெரியும். உச்சி வெயில் பட்டால் ஓரம் தீயும். அதனால் லெம்பி தினமும் பத்தரைக்கு மெல்லிய துணியைக் கட்டி மூன்றரைக்கு அவிழ்க்க வேண்டும். செடிக்கு மூன்று நான்கு கிழங்குதான் வைக்கும், அதற்கும் தண்டோடு சேரும் கழுத்து நூல்போல மெல்லிசு. கழுத்து ஒடிந்தால் கிழங்கு எத்தனை பருத்திருந்தாலும் முளைக்காது. மூன்று வருடத்தில் லெம்பி ஒரு கழுத்தைக்கூட ஒடித்ததில்லை. டாலியா வளர்ப்போர் சங்கத்தில் முப்பது வருடம் பழகியவர்களும் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது.

லெம்பியின் கை அப்படிப்பட்ட கை. பதினேழு வயதில் ஆற்றுக்கு அக்கரையில், அஸ்டோரியாவின் மீன் டப்பா ஆலையில் ஐலியின் பக்கத்தில் நின்று சால்மன் துண்டுகளை அடுக்கியவள். எடை பார்க்கும் பெண் லெம்பியின் டப்பாக்களைத் தராசில் வைக்காமலே தள்ளிவிடுவாள். அந்த இடத்தின் இரைச்சல் அவளுக்குப் பிடித்திருந்தது. இருபது பெண்கள் ஒரே நேரத்தில் கத்திப் பேசுவார்கள், ஒருத்தி பாட்டை எடுப்பாள், இன்னொருத்தி அதைக் கெடுப்பாள். இருபத்துமூன்று வயதில் ஆர்வோவைக் கட்டிக்கொண்டு பள்ளத்தாக்குக்கு வந்தாள். இங்கே மழைச் சத்தம்தான். பிள்ளை இல்லை. பாலம் கட்டியபிறகு அஸ்டோரியா அரைமணி நேரம்தான். ஆர்வோ விழுந்தபிறகு அவள் அந்தப் பாலத்தைக் கடந்தது நான்கே முறை, நான்கும் மருத்துவமனைக்கு.

1974 ஆகஸ்டில் ஐலி ஒரு வழி கொண்டுவந்தாள். அவள் விதவை, டப்பா ஆலையின் உணவுக்கூடத்தில் தலைமைச் சமையல்காரி. இரண்டாம் சமையல்காரி வேலை அக்டோபர் ஒன்றாம் தேதி காலியாகிறது, தினம் ஆறு மணி நேரம். அவள் வீட்டுத் தரைத்தளத்தில் ஒரு பெரிய அறை இருக்கிறது, படி ஏற வேண்டாம், மருத்துவமனை இரண்டு தெரு தள்ளி. லெம்பி வேலைக்குப் போகும் நேரத்தில் ஆர்வோவோடு உட்கார மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற செவிலி ஒருத்தி சம்மதித்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐலியே வந்து, ஏலக்காய் ரொட்டியை வெட்டி வைத்துக்கொண்டு, ஆர்வோவிடம் நேருக்கு நேர் சொன்னாள். அவன் சர்க்கரைக் கட்டியை நல்ல பக்கத்துப் பல்லில் கடித்துக்கொண்டு காப்பியை உறிஞ்சினான்.

"அங்க... மண்ணு இருக்கா?"

"மண்ணு எதுக்கு? அங்க மனுஷங்க இருக்காங்க."

"முஸ்தா இருக்கிறவரைக்கும்... நான் இந்த மண்ணைவிட்டு நகர மாட்டேன், ஐலி."

"ரெண்டு கிழங்கை யாருக்காவது குடுத்துட்டு வாயேன். அவங்க வளர்க்கட்டும்."

"பேர் பதியிறவரைக்கும் வேலிக்கு வெளிய... ஒரு கிழங்கு போகாது."

"பேர் பதிஞ்சப்புறம்?"

"பதிஞ்சப்புறம் சங்கத்தோட சோதனைத் தோட்டத்துக்குக் குடுக்கணும். ரெண்டு வருஷம். நான்தான் குடுக்கணும்."

"நீ எங்க குடுக்கிற? இவதான் குடுக்கிறா" என்று ஐலி லெம்பியைக் காட்டினாள். லெம்பி ரொட்டித் துணுக்குகளை உள்ளங்கையால் மேசை ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டிருந்தாள். ஆர்வோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அத்தோடு முடிந்தது.

அவன் பிடிவாதத்துக்கு ஒரு பழைய காயமும் உண்டு. 1962இல் அவன் எட்டு வருடம் உழைத்து எழுப்பிய ஒரு வரிசையில் வைரஸ் நோய் வந்தது. டாலியாவுக்கு அது வந்தால் மருந்தில்லை. வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும், இல்லாவிட்டால் தோட்டமே போகும். அவன் மனம் வராமல் பதினைந்து நாள் காத்திருந்தான். எல்லாம் போயிற்று. அதன்பிறகு கருவிக்கொட்டகைக் கதவில் வெள்ளைப் பெயின்டால் எழுதிவைத்தான்: சந்தேகமா, பிடுங்கு.

இன்னொரு பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அந்தப் பள்ளத்தாக்கில் எல்லா வீட்டிலும் சனிக்கிழமை சௌனா உண்டு. கொல்லையில் மரத்தாலான நீராவிக் குளியல் அறை, அதற்கு விறகடுப்பு. அடுப்புச் சாம்பலை அள்ளி டாலியாவுக்குப் போடுவார்கள், செடிக்கு ஒரு கைப்பிடி. தண்டு உரம் பெறும், நிறம் ஏறும் என்பார்கள். ஆர்வோ எழுந்து நடந்தவரை அவனும் கைப்பிடிதான் போட்டான். ஜன்னலோரம் உட்கார்ந்தபிறகு கைப்பிடி அவனுக்குப் போதவில்லை. சனிக்கிழமை தோறும் முஸ்தா வரிசைக்கு இரண்டு வாளி.

"ரெண்டு வாளி ஜாஸ்தி ஆர்வோ" என்று லெம்பி முதல் வருடமே சொன்னாள்.

"கறுப்பு ஏறும். போடு."

"செடி ஊறுகாய் ஆயிடும்."

அவன் கரண்டியால் நாற்காலிக் கையைத் தட்டினான். அவள் போட்டாள். அதன்பிறகு அவள் சொல்லவில்லை. மூன்று வருடம் போட்டாள்.

செப்டம்பர் ஏழாம் தேதி சனிக்கிழமை. சௌனா அடுப்பைப் பற்றவைத்துவிட்டு லெம்பி வாளியோடு வரும்போது ஜன்னலில் தட்டும் சத்தம் கேட்டது. மூன்றுமில்லை, இரண்டுமில்லை, அது நிற்கவேயில்லை. ஓடிப்போனாள். ஆர்வோவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பைனாகுலர் மடியிலிருந்து விழுந்து கிடந்தது.

"மஞ்சள்" என்றான். "அஞ்சாவது செடி. ஆறு. ஒன்பது. கீழ... மஞ்சள்."

"பார்க்கிறேன் இரு."

"என்னத்தைப் பார்க்கிறது? போன தடவையும்... பார்த்தேன், பார்த்தேன்னு... பார்த்துக்கிட்டே இருந்தேன்."

அவள் வெளியே போய் ஐந்தாவது செடியின் அடியில் மண்டியிட்டாள். முதுகு ஜன்னலுக்கு. ஓர் இலையைத் திருப்பினாள். மஞ்சள்தான். ஆனால் நரம்புகள் பச்சையாக இருந்தன. நரம்புகளுக்கு நடுவில்தான் மஞ்சள் ஓடியிருந்தது. வைரஸ் என்றால் நேர்மாறு, மஞ்சள் நரம்பைப் பிடித்துக்கொண்டு ஓடும், அதுவும் நுனித் தளிரில் தொடங்கும், தளிர் சுருண்டு கூம்பும். லெம்பி நுனியைப் பார்த்தாள். தளிர் விரிந்து நன்றாக இருந்தது. ஆறாவது செடியும் அப்படியே, ஒன்பதாவதும் அப்படியே. அடியிலைகள் மட்டும்.

அது சாம்பல் செய்த வேலை. சாம்பலின் உப்பு மண்ணில் ஏறிப்போய்ச் செடிக்கு மக்னீசியம் கிடைக்காமல் அடைத்துவிட்டது. ஏற்கெனவே மழை கரைத்துக்கொண்டு போன மண் அது. இதற்கு வைத்தியம் ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கரண்டி எப்சம் உப்பு. ஆர்வோவின் கால் வீங்கினால் ஊறவைக்கும் அதே உப்பு, குளியலறை அலமாரியில் பாதிப் பொட்டலம் இருந்தது. பைனாகுலரில் மஞ்சள் தெரியும். நரம்பு தெரியாது.

அவள் எழுந்து உள்ளே வந்தாள். கையைக் கழுவினாள். ஆர்வோ கேட்கவில்லை. அவனே தீர்ப்பைச் சொன்னான்.

"பதினாறையும் எடுத்துடு. நாளைக்கு ஞாயிறு, தொடாதே. திங்கக்கிழமை காலையில... எரிச்சுடு."

"பதினாறுமா?"

"சந்தேகம் வந்தாச்சு." அவன் இடது கையால் முகத்தின் செத்த பாதியைத் துடைத்தான். துடைத்த பிறகும் அதில் கண்ணீர் வழிந்தது அவனுக்குத் தெரிந்திருக்காது. "அப்புறம்... ஐலிகிட்ட சொல்லு. வர்றோம்னு."

லெம்பி துண்டை மடித்துக் கொக்கியில் மாட்டினாள். தான் பொய் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டாள். வைரஸ் என்று அவள் சொன்னாளா? அவன் சொன்னான். எடு என்றதும் அவன்தான். இலையைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

அன்று சாம்பல் போடவில்லை.

ஞாயிறன்று அவள் உடம்பு மட்டும் பள்ளத்தாக்கில் இருந்தது. தேவாலயத்தில் சங்கீதம் பாடும்போது அவள் ஐலியின் பெரிய அறைக்குத் திரைச்சீலை அளந்துகொண்டிருந்தாள். எந்த வாணலியை எடுத்துப்போவது, எதை ஹில்மாவுக்குக் கொடுப்பது என்று முடிவுசெய்தாள். உணவுக்கூடத்துக்கு வெள்ளை மேலங்கி இரண்டு வேண்டும். பழைய படுக்கை விரிப்பில் ஒன்று தைத்துவிடலாம். மதியம் மீன் சூப்பில் உப்புப் போட மறந்தாள். ஆர்வோ ஒன்றும் சொல்லாமல் குடித்தான். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நாற்காலியைத் திருப்பச் சொல்லியிருந்தான். கரண்டி மேசைமேல் கிடந்தது. அவன் தூங்கியதும் ஐலிக்கு ஃபோன் செய்தாள்.

"அக்கா, ஆர்வோ சம்மதிச்சுட்டான்."

"என்னடி சொல்றே? எப்படி?"

"முஸ்தா இலையெல்லாம் மஞ்சளாயிருக்கு. நாளைக்கு எடுக்கச் சொல்லிட்டான்."

"வைரஸா?"

லெம்பி ரிசீவரை மறு காதுக்கு மாற்றினாள். அந்தத் தெருவில் நான்கு வீட்டுக்கு ஒரே ஃபோன் லைன். அதில் யாரோ மூச்சு விடுவது கேட்டது.

"ஹில்மா, நீ கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்னு தெரியும். ரிசீவரை வை" என்றாள் ஐலி அக்கரையிலிருந்து.

"நான் இப்பத்தான் எடுத்தேன்" என்றது ஹில்மாவின் குரல். "பாவம்டி லெம்பி. அந்தக் கறுப்புப் பூவா போச்சு? என் வீட்டுக்காரர் செத்தப்போ பெட்டிமேல வைக்க ஒண்ணு கேட்டேன், உன் புருஷன் மனசே வரலைன்னு சொல்லிட்டான்."

"ஹில்மா!"

"வெச்சுட்டேன், வெச்சுட்டேன்."

கிளிக் என்று சத்தம் வந்தது. ஐலி குரலைத் தாழ்த்தினாள். "நல்லாக் கேட்டுக்க. நாளைக்கு வெயில் ஏறுறதுக்கு முன்னாடி எடுத்துடு. அவன் மனசு மாறுறதுக்குள்ள. நான் அறையை வெள்ளையடிக்கச் சொல்லிடறேன்."

"ம்" என்றாள் லெம்பி.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, மண்முள்ளோடு வரிசையின் கோடிக்குப் போனாள். பதினாறாவது செடியில் தொடங்கினாள், ஜன்னலுக்குத் தூரமானது. அதன் உச்சியில் அன்று காலை விரிந்த ஒரு பூ இருந்தது. அதை வெட்டி ஒதுக்கிவைக்கவில்லை. தண்டை ஒரு முழ உயரத்தில் வெட்டினாள், சுற்றிலும் முள்ளை இறக்கினாள், நெம்பினாள். கொத்து மேலே வந்தது. உதறினாள். நான்கு கிழங்கு, நான்கும் கழுத்து ஒடியாமல். ஒன்றை வெட்டிப் பார்த்தாள், உள்ளே தேங்காய்ப் பருப்புபோல வெள்ளை, ஒரு கறை இல்லை. ஒரு குறையுமில்லாத கிழங்கு. தன் கையால் மூன்று குளிர்காலம் வாரம் ஒருமுறை புரட்டிப் பார்த்துக் காத்த கிழங்கின் பிள்ளை. அவள் அதை எரிக்கும் குவியலில் போட்டாள்.

பதினைந்தாவதைச் சுற்றி முள்ளை இறக்கும்போது கார் வந்து நின்றது.

வந்தவள் ஓர்ஃபா டில்லார்ட், டாலியா சங்கத்தின் செயலாளர். எழுபது வயது, உயரமான தொப்பி, நறுக்கென்ற பேச்சு. சங்கம் முஸ்தாவைக் கவனிக்கத் தொடங்கி இது மூன்றாவது வருடம்; பெயர் பதியத் தகுந்ததா என்று பார்க்க அவள் பதினான்காம் தேதிதான் வர வேண்டியது. ஹில்மாவின் ஃபோன் அவளை ஐந்து நாள் முன்னாலேயே இழுத்து வந்திருந்தது.

அவள் வரிசைக்குள் காலை வைக்கவில்லை. புல் ஓரத்திலேயே நின்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். நோய் சந்தேகம் வந்த தோட்டத்தில் இன்னொருவர் செடியைத் தொடவோ, வரிசை மாறி நடக்கவோ கூடாது. வளர்ப்பவர் இலையைத் திருப்பிக் காட்ட வேண்டும், வளர்ப்பவர் சொல்வதுதான் பேச்சு. சங்கத்தில் யாரும் அதை மீறியதில்லை, அதில் யாரும் பொய் சொன்னதாகவும் கேள்வியில்லை.

"திருப்புங்க" என்றாள் ஓர்ஃபா.

லெம்பி ஒன்பதாவது செடியின் அடியிலையைத் திருப்பினாள். ஓர்ஃபா கண்ணைச் சுருக்கினாள்.

"என் கண்ணுக்கு மஞ்சள் தெரியுது. அதுக்கு மேல இந்தத் தூரத்துல ஒண்ணும் தெரியல. நீங்க சொல்லுங்க. என்ன அது?"

ஜன்னல் திறந்திருந்தது. ஆர்வோ நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சட்டத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். "வைரஸ்" என்றான் உள்ளேயிருந்து.

"உங்களைக் கேட்கல ரௌட்டியோ. இலையைப் பிடிச்சிருக்கிறவங்களைக் கேட்கிறேன்."

லெம்பி இலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 'ஆமா' என்று சொன்னால் போதும். சொல்லக்கூட வேண்டாம், தலையை ஆட்டினால் போதும். ஓர்ஃபா நோட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டு போய்விடுவாள். மத்தியானத்துக்குள் பதினைந்தும் எரிந்துவிடும். இருபத்திரண்டு நாளில், அக்டோபர் ஒன்றாம் தேதி, அவள் அந்த உணவுக்கூடத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பாள், பக்கத்தில் ஐலி, சுற்றிலும் அந்தக் கூச்சல். அவள் வாயைத் திறந்தாள்.

"மக்னீசியம்" என்றாள்.

"என்னது?"

"மக்னீசியம் பத்தலை. நரம்பு பச்சையா இருக்கு. அடியிலை மட்டும்தான். தளிர் நல்லா இருக்கு, பாருங்க." இலையை உயர்த்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள். "சாம்பல் ஜாஸ்தியாப் போச்சு."

"எவ்வளவு போட்டீங்க?"

"வாரம் ரெண்டு வாளி."

"கடவுளே! பதினாறு செடிக்கா? அது சாம்பல் இல்ல, அடக்கம் பண்றது." ஓர்ஃபா கட்டியிருந்த கைகளை விட்டாள். "யார் சொல்லி?"

லெம்பி ஜன்னல் பக்கம் பார்க்காமல் இலையை விட்டாள். ஓர்ஃபா பார்த்தாள், புரிந்துகொண்டு இருமினாள். பிறகு எரிக்கும் குவியலில் கிடந்த கொத்தைப் பார்த்தாள். "அப்புறம் அதை ஏன் எடுத்தீங்க?"

லெம்பி கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டாள்.

அரை மணி நேரத்தில் ஓர்ஃபா பதினைந்து செடியையும் பார்த்து, பூவை முன்னும் பின்னும் பார்த்து, தன் நோட்டில் எழுதி முடித்தாள். சமையலறைக்கு வந்து காப்பி குடித்தாள். அவள் படிவத்தைத் தேடிப் பையைக் கிளறிக்கொண்டிருந்தபோது ஆர்வோ மெதுவாகக் கேட்டான்.

"நீ எப்பப் பார்த்தே?"

"சனிக்கிழமை."

"சனிக்கிழமையே தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் தோண்டினே?"

"நீ தோண்டச் சொன்னே."

அவன் வாயின் நல்ல பக்கம் துடித்தது. அவனுக்கு மூளை மங்கவில்லை. வாய் பேசாமல் இருந்தால் அவளுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். "அப்புறம் ஏன்... சொன்னே?"

லெம்பி யோசித்தாள். "கிழங்கை வெட்டிப் பார்த்தேன். நல்லாயிருந்துச்சு" என்றாள்.

ஓர்ஃபா படிவத்தை மேசைமேல் நீவி விரித்தாள். "தகுதியிருக்குன்னு எழுதிட்டேன். அடுத்த வசந்தத்துல சோதனைத் தோட்டத்துக்கு அஞ்சு கிழங்கு வரணும், அதுக்கடுத்த வருஷமும் அஞ்சு. இப்ப பேரு. ரௌட்டியோ, என்ன பேரு?"

ஆர்வோ மேசையைப் பார்த்தான். பிறகு இடது கையைத் தூக்கி மனைவியைக் காட்டினான்.

"லெம்பி" என்றான். "அவ பேரு. எழுதுங்க."

ஓர்ஃபாவின் முகம் மலர்ந்தது. "அடடே. இந்த மனுஷனுக்கும் இதெல்லாம் தெரியுமா!" பேனாவைத் திறந்தாள்.

அவன் மனமாரத்தான் கொடுத்தான், அது லெம்பிக்குத் தெரிந்தது. இருபத்தாறு வருடத்தில் அவன் கொடுத்த மிகப் பெரிய பொருள் அதுதான். ஆனால் இனிமேல் ஏப்ரலில் கண் பார்ப்பதும் லெம்பி, பார்க்கப்படும் கிழங்கும் லெம்பி. நிலவறைப் பெட்டியில் அட்டையில் அவள் பெயர். தன் பெயரையே மண்ணில் விட்டுவிட்டு யார் எழுந்து போவார்கள்?

"வேண்டாம்" என்றாள்.

பேனா நின்றது.

"ஏன்?" என்றான் ஆர்வோ. "நல்ல பேருதானே."

"நல்ல பேருதான். அதான் வேண்டாம். செடியை நான் பார்த்துக்கிறேன் ஆர்வோ. தண்ணி விடறேன், துணி கட்டறேன், தோண்டறேன். பேரு என்கிட்டயே இருக்கட்டும்."

"கிழவி, நான் உனக்குக் குடுக்கிறேன்..."

"தெரியும். வேண்டாம்னு சொல்றேன்."

ஆர்வோவின் காது சிவந்தது. "அப்போ நம்பர் போடுங்க" என்றான் கோபமாக.

"நம்பர்ல பூவைப் பதிய முடியாது ரௌட்டியோ. அது ராணுவம் இல்ல."

"அப்போ ஹெல்கா."

"அது யாரு?" என்றாள் ஓர்ஃபா, லெம்பியைப் பார்த்தபடி.

"படகு" என்றாள் லெம்பி. "கல்யாணத்துக்கு முன்னாடி மீன் பிடிச்சுட்டு இருந்தான். முழுகிப்போன படகோட பேரையா வைக்கிறே?"

"முழுகல. வித்தேன்."

"வாங்கினவன் முழுகினான்."

"அது அவன் தப்பு."

ஓர்ஃபா எழுதினாள். லெம்பி அவள் தோளுக்கு மேலே எட்டி எழுத்தைச் சரிபார்த்தாள், ஒவ்வொன்றாக. கீழே வளர்ப்பவர் என்ற இடத்தில் ஆர்வோ ரௌட்டியோ என்று எழுதப்போன பேனாவை ஓர்ஃபா தானாகவே ஒரு கணம் நிறுத்தினாள். பிறகு இருவர் பெயரையும் எழுதினாள். அதை லெம்பி தடுக்கவில்லை.

சாயங்காலம் ஐலி ஃபோன் செய்தாள். வெள்ளையடிக்க ஆள் வந்துவிட்டானாம். லெம்பி நடந்ததைச் சொன்னாள்.

"கதவு திறந்துருந்துச்சுடி. நீயே போய்ச் சாத்தியிருக்கே" என்றாள் ஐலி.

"அந்தச் செடிக்கு நோய் இல்லையே அக்கா."

"நோய் இல்லைன்னு உனக்கு மட்டும்தானே தெரியும்?"

"ஆமா. எனக்குத் தெரியுமே."

தங்கை சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். டப்பாவில் ஒரு துண்டு குறைந்தால் யாரும் பார்க்காவிட்டாலும் திரும்ப எடுத்து அடுக்குகிறவள். அதற்காக அவளை ஐலி எத்தனையோ முறை திட்டியிருக்கிறாள். எத்தனையோ பேரிடம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டும் இருக்கிறாள்.

"அறையை நான் சும்மா போட்டுவைக்க முடியாது. வேற ஒருத்தி கேட்டுக்கிட்டு இருக்கா."

"குடுத்துடு."

"வேலைக்கும் வேற ஆளைத்தான் சொல்லணும்."

"சொல்லு அக்கா."

"ரெண்டு வருஷம்னு சொல்றான் இல்ல. ரெண்டு வருஷம் கழிச்சு?"

"அப்ப ஏதாவது சொல்லுவான்" என்றாள் லெம்பி. லைனில் மூன்றாவது மூச்சு ஒன்று கேட்டுக்கொண்டிருந்தது. ஆனால் அது இந்தமுறை எதுவும் பேசவில்லை. ஐலியும் அதை வை என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை லெம்பி எப்சம் உப்பைக் கரைத்து ஐந்தாவது, ஆறாவது, ஒன்பதாவது செடிகளுக்கு முதலில் ஊற்றினாள். பிறகு மற்றப் பன்னிரண்டுக்கும் அதே அளவு. பதினாறாவது இருந்த குழியை மூடி மிதித்தாள். சாம்பல் வாளியைக் கருவிக்கொட்டகையின் உள்ளே ஆணியில் மாட்டினாள், ஆர்வோ வேண்டாம் என்று சொல்லவில்லை. பத்தரைக்குத் துணி கட்டினாள். மூன்றரைக்கு அவிழ்த்தாள்.

மஞ்சளான அடியிலைகள் மஞ்சளாகவேதான் இருந்தன, அவை திரும்பாது. எட்டாவது நாள் அதற்கு மேல் அடுக்கில் புது இலை கரும்பச்சையாக விரிந்தது. லெம்பி ஜன்னலுக்கு வெளியே போய் நின்று, செடியை வளைத்து, அந்த இலையைக் கண்ணாடிக்கு அருகில் பிடித்து அவனுக்குக் காட்டினாள். அவன் பைனாகுலர் இல்லாமலே பார்த்துத் தலையை ஆட்டினான். அவள் இலையை விட்டுவிட்டு, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, அடுத்த செடிக்குக் குனிந்தாள். அக்டோபர் ஒன்றாம் தேதிக்கு இன்னும் பதிமூன்று நாள் இருந்தது.